மழை, வெயில், புகைமூட்டம்: சுங்கை சிப்புட் வட்டார மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாமான் என்னும் குடியிருப்புகளிலும் இருப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். அரசாங்க கிளினிக்கில் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் அல்ல. உங்களைப் பரிசோதிக்கும் டாக்டர் சொல்வதே முடிவு. ஆனால் அவர் முன்னால் போய் உட்காரும்போது என்ன சொல்ல வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. அதற்காகவே இது.

நேற்று நல்ல மழை. இன்று கிளினிக்கில் உட்கார இடமில்லை. மழைதானே காரணம்?

நேற்றைய மழைக்கும் இன்றைய காய்ச்சலுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. இன்று வந்திருக்கும் காய்ச்சலுக்குப் போன வாரத்து மழை காரணமாக இருக்கலாம், போன மாதத்து மழையாகவும் இருக்கலாம். வானிலைக்கும் நோய்க்கும் நடுவில் சில நாள் இடைவெளி உண்டு. அந்த இடைவெளி நோய்க்கு நோய் மாறும். இதை மட்டும் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

வெயில் அன்றைக்கே தாக்கும். புகைமூட்டம் அன்றும், அடுத்த சில நாட்களிலும் மூச்சைப் பிடிக்கும். கெட்ட தண்ணீர் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் வயிற்றைக் கலக்கும். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் ஒன்று இரண்டு வாரம் கழித்து வரும், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகும். கொசுவால் வரும் டிங்கியை (டெங்கு) மழை பெய்த நாளிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய ஒரு மாதம் வரும்.

கூட்ட நேரத்தில் டாக்டர் "எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று கட்டாயம் கேட்பார். "இரண்டு வாரத்துக்கு முன் எங்கே வேலை செய்தீர்கள், வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதா?" என்று கேட்க அவருக்கு நேரம் இல்லாமல் போகலாம். அதை நாமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்தால் போதும்.

அப்படியானால் மழையில் நனைந்தால் காய்ச்சல் வராதா?

மழைத் தண்ணீரில் காய்ச்சல் இல்லை. சளிக்காய்ச்சலைக் கொண்டுவருவது வைரஸ். மழை நாளில் எல்லாரும் சன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் இருப்பதால், ஒருவர் இருமினால் மற்றவருக்கும் ஒட்டுகிறது. நம் நாட்டில் பனிக்காலம் கிடையாது, அதனால் புளூ காய்ச்சல் ஆண்டு முழுவதும் உலவிக்கொண்டே இருக்கும். நனைந்து வந்த பிள்ளைக்குத் தலையைத் துவட்டி, உலர்ந்த துணி மாற்றிவிடுவது நல்ல பழக்கம்தான், விட வேண்டாம்.

நம் பக்கம் மழைக்காலம் எப்போது? செய்தியில் சொல்வதும் இங்கே பெய்வதும் ஒத்துப்போவதில்லையே.

செய்தியில் அடிபடும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவமழை முக்கியமாகக் கிழக்குக் கரைக்கு உரியது: கிளந்தான், திரெங்கானு, பகாங். மேற்குக் கரையில் உள்புறமாக இருக்கும் நமக்கு இரண்டு பருவங்களுக்கு இடைப்பட்ட மாதங்களில்தான் மழை கூடுதல். ஏப்ரல், மே ஒரு முறை. அக்டோபர், நவம்பர் மறுமுறை. காலையில் வெயில் காயும், மத்தியானம் மேகம் கட்டும், பிற்பகலில் இடியோடு கொட்டும். தீபாவளிக் கடைத்தெருவில் குடையோடு நடப்பது அதனால்தான். ஜூன், ஜூலையில் காய்ச்சல், இருமல் என்றால் புகைமூட்டத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

பேராக் முழுவதும் ஒரே மாதிரி என்றும் எண்ண வேண்டாம். மலையடிவாரத்தில் இருக்கும் தைப்பிங் தீபகற்பத்திலேயே அதிகம் நனையும் ஊர்களில் ஒன்று. அதே மாநிலத்தில் கடலோர சித்தியவானில் மழை குறைவு. உங்கள் தோட்டத்தில் மழை பெய்த நாளை நீங்களே காலண்டரில் குறித்து வையுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அந்தக் குறிப்பு உதவும்.

மழைக்கு எத்தனை நாள் கழித்து டிங்கி வரும்? கணக்கு எப்படி?

மூன்று கட்டமாக எண்ணுங்கள். டிங்கியைப் பரப்புவது ஏடிஸ் என்ற கொசு. தேங்கிய தண்ணீரில் இருக்கும் அதன் முட்டை, கொசுவாகப் பறக்க ஒரு வாரம் முதல் 10 நாள் வரை ஆகும். அந்தக் கொசு டிங்கி கண்ட ஒருவரைக் கடித்தாலும் உடனே அடுத்தவருக்கு நோயைக் கொடுக்க முடியாது. அதன் உடம்புக்குள் வைரஸ் பெருகி எச்சில் வரை வந்து சேர நம் ஊர்ச் சூட்டில் 8 முதல் 12 நாள். பிறகு அது உங்களைக் கடித்தால், 4 முதல் 10 நாளில் காய்ச்சல் தொடங்கும். மூன்றையும் கூட்டினால் மூன்று வாரத்திலிருந்து ஐந்து வாரம் போல வருகிறது.

ஆக, தீபாவளி மழை விட்டதும் "இனி கொசு இல்லை" என்று ஓய்ந்துவிடக் கூடாது. மழை ஓய்ந்து வெயில் காயும் நேரத்தில்தான் வார்டு நிரம்பும். 2019-ல் இந்நாட்டில் 1,30,000-க்கும் மேற்பட்டோருக்கு டிங்கி பதிவானது. அதற்கு முன்போ பின்போ டிங்கி இல்லாத ஆண்டு என்று ஒன்றும் கிடையாது.

பட்டணத்து வீடுகளுக்குள் வாழ்வது ஏடிஸ் எஜிப்டி. தோட்டத்திலும் புதரோரத்திலும் வாழ்வது ஏடிஸ் அல்போபிக்டஸ். இரண்டும் டிங்கியைப் பரப்பும், இரண்டும் பகலில் கடிக்கும். காலை வெளிச்சம் வந்த பிறகும், மாலை இருட்டுவதற்கு முன்பும் உச்சம். பால்மர (ரப்பர்) வேலைக்காரரும் செம்பனைக் குலை வெட்டுபவரும் சரியாக அந்த நேரத்தில்தான் வெளியில் நிற்கிறார்கள். பால் எடுக்க வெட்டாமல் விட்ட பால்மரத்தில் தொங்கும் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணம்) மழைத் தண்ணீர் நின்றால் அது கொசுவுக்குத் தொட்டில். மரம் ஓய்வில் இருக்கும்போது மங்கைக் கவிழ்த்து வைக்கச் சொல்லும் பழைய மண்டோர்களின் (தோட்ட மேற்பார்வையாளர்கள்) கண்டிப்பு நியாயமானது.

இரண்டு மாதமாக மழையே இல்லை. எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) மூன்று பேருக்கு டிங்கி. எப்படி?

குழாயில் தண்ணீர் வராததால். வறட்சியில் ஆறு வற்றுகிறது, தண்ணீர் கட் ஆகிறது, எல்லாரும் டிரம்மிலும் வாளியிலும் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். மூடாத டிரம் ஏடிஸுக்கு மழையைவிட வசதி. ஏடிஸ் முட்டை உலர்ந்த சுவரில் ஒட்டிக்கொண்டு ஆறு மாதம்கூடத் தாங்கும். தண்ணீர் தொட்டதும் பொரிந்துவிடும். வாளியைக் காலி செய்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேங்காய் நாரோ பிரஷ்ஷோ போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் ஒரு நாள் செய்தால் போதும், ஏனென்றால் கொசு வளர ஒரு வாரம் வேண்டும். கொசுக் குஞ்சைக் கொல்லும் அபேட் மருந்து பெரிய தொட்டிக்கு நல்லது. சாமி மேடைப் பூக்குடுவை, குளிர்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூச்சட்டித் தட்டு ஆகியவற்றை மறந்துவிடுகிறோம்.

பெருமழை கொசுக் குஞ்சுகளை அடித்துக்கொண்டு போய்விடுமே?

கால்வாயில் இருப்பதை அடித்துக்கொண்டு போகும். டிரம்மில், பழைய டயரில், மங்கில் இருப்பது அப்படியே இருக்கும்.

காய்ச்சல் இறங்கிவிட்டது. பிள்ளை எழுந்து உட்கார்ந்திருக்கிறான். இனி பயமில்லை அல்லவா?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் உயிர் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

டிங்கியில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வருகிறது. அப்போது ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. உள்ளே ரத்தம் கெட்டியாகிறது, அழுத்தம் விழுகிறது. வெளியே பார்த்தால் உடம்பு குளிர்ந்து, நோயாளி அமைதியாகத் தெரிவார். வீட்டில் "தேறிவிட்டான்" என்று சோறு ஊட்டிக்கொண்டிருப்பார்கள்.

காய்ச்சல் விட்ட பிறகும் அடுத்த இரண்டு நாள் கண்ணை எடுக்காமல் பாருங்கள். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறு அல்லது மூக்கிலிருந்து ரத்தம், கறுத்த மலம், கை கால் சில்லிட்டுப் போதல், சிறுநீர் குறைதல், எழுப்பினால் எழாத அசதி, மாதவிலக்கு வழக்கத்துக்கு மீறிப் போதல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இரவானாலும் போங்கள். சுங்கை சிப்புட்டில் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி சுமார் 30 கிலோமீட்டர்தான். விடியட்டும் என்று காத்திருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. யாரும் அவர்களுக்கு இதைச் சொல்லியிருக்கவில்லை.

காய்ச்சலுக்கு பனடால் (பாராசிட்டமால்) போதும், அதையும் சொன்ன அளவில். உடம்பு வலிக்கு என்று புரூபன், வோல்டாரன், ஆஸ்பிரின், பெயர் தெரியாத வலி மாத்திரை எதையும் டிங்கி இல்லை என்று தெரியும் வரை தொடாதீர்கள். அவை ரத்தக்கசிவைக் கூட்டும். இருதயத்துக்காக டாக்டர் கொடுத்த ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்கட்டும்.

பப்பாளி இலைச் சாறு, நண்டு சூப், நிலவேம்பு?

பப்பாளி இலையை வைத்து 2013-ல் வெளிவந்த மலேசிய ஆய்வு ஒன்று கிள்ளான் மருத்துவமனை நோயாளிகளிடம் நடந்தது. சாறு குடித்தவர்களுக்கு பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) எண்ணிக்கை சற்று வேகமாக ஏறியதாகச் சொன்னது. ஆனால் மேலே சொன்ன நீர்க்கசிவை அது நிறுத்தும் என்று யாரும் காட்டவில்லை. பிளேட்லெட் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு, ரத்தம் கெட்டியாவதைக் கவனிக்காமல் விடுவதுதான் நம் மக்களிடையே பெரிய குறை. நண்டு சூப்பில் நீரும் உப்பும் இருக்கிறது, அந்த அளவுக்கு நல்லது. நிலவேம்புக் கசப்பு வாந்தியைக் கிளப்பினால் நிறுத்திவிடுங்கள். எதைக் குடித்தாலும் தினமும் போய் ரத்தம் பார்ப்பதை விடாதீர்கள். அந்த ரத்தப் பரிசோதனைக்கு ஈடான கஷாயம் இல்லை.

புகையடித்துவிட்டுப் போனார்களே, போதாதா?

பறக்கும் கொசு சாகும். தண்ணீரில் இருக்கும் குஞ்சு அடுத்த வாரம் பறக்கும்.

மழையில் கால்வாய் அடைத்து, சேற்றில் நின்று வேலை பார்த்தேன். பத்து நாள் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்காலைத் தொட முடியவில்லை. டிங்கி டெஸ்ட் இல்லை என்று வந்தது. வேறு என்ன?

எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மலாயில் கெஞ்சிங் தீக்குஸ் என்பார்கள். எலியின் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா கிருமி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காலில் வெடிப்போ கீறலோ இருந்தால் அதன் வழியாகவும், கண், வாய் வழியாகவும் உள்ளே புகும். மழை இதை இரண்டு வகையில் வளர்க்கிறது: மண்ணில் கிடப்பதைக் கழுவி நம் காலடிக்குக் கொண்டுவருகிறது, வளைக்குள் இருக்கும் எலியை வெளியே விரட்டி வீட்டுப் பக்கம் அனுப்புகிறது.

செம்பனைத் தோட்டத்தில் எலிக்குச் சாப்பாட்டுக்குக் குறையே இல்லை. உதிர்ந்த பழம் தரையெங்கும் கிடக்கும். அதனால்தான் பல தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி கட்டி கூகை வளர்க்கிறார்கள். இரவெல்லாம் அது எலி பிடிக்கும். "ஆந்தை அபசகுனம்" என்று அந்தப் பெட்டியின் மீது கல் எறியும் பிள்ளைகளைத் தடுத்து, அது நம் அப்பா அம்மாவின் உடம்பைக் காக்கிறது என்று சொல்லிக்கொடுங்கள்.

திடீர்க் காய்ச்சல், தலைவலி, கெண்டைச் சதையில் கடும் வலி, பீளை இல்லாமல் கண் சிவத்தல் ஆகியவை தொடக்க அடையாளங்கள். கவனிக்காமல் விட்டால் சிலருக்குக் கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்து, சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்படும். சீக்கிரம் பிடித்தால் டாக்ஸிசைக்ளின், பெனிசிலின் போன்ற சாதாரண மருந்திலேயே கட்டுப்படும். சிக்கல் என்னவென்றால், முதல் சில நாட்களில் இதற்கும் டிங்கிக்கும் வித்தியாசம் தெரியாது. மழைக்குப் பிறகு இரண்டும் சேர்ந்தே ஊரில் சுற்றும். டாக்டரின் சந்தேகத்தைச் சரியான பக்கம் திருப்புவது உங்கள் ஒரு வாக்கியம்தான்: "பத்து நாளைக்கு முன் சேற்றுத் தண்ணீரில் வேலை செய்தேன்." இந்த நோய் 2010 டிசம்பர் முதல் சட்டப்படி அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டிய நோய்.

தடுக்க: பூட்ஸ், கையுறை, கீறலுக்குத் தண்ணீர் புகாத பிளாஸ்டர், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியல். பானம் இருக்கும் டின்னின் வாயைக் கழுவாமல் குடிக்காதீர்கள். வெள்ளத்துக்குப் பின் வீடு கழுவும்போது வெறுங்காலோடு இறங்காதீர்கள்.

எனக்குச் சர்க்கரை. காலில் சின்னப் புண். மழை விட்டதும் தோட்டத்தில் களை எடுக்கலாமா?

புண் ஆறும் வரை வேண்டாம். மெலியோய்டோசிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. நம் மக்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை, ஆனால் நம் மக்களுக்குத்தான் அது அதிகம் தெரிய வேண்டும். 1911-ல் ரங்கூனில் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும் கண்டுபிடித்த நோய் இது. கிருமி மண்ணில் வாழ்கிறது. பெருமழை அதை மேலே கொண்டுவருகிறது. தோலில் உள்ள புண் வழியாகவும், புயல் காற்றில் தெறிக்கும் ஈரத்தை மூச்சில் இழுப்பதாலும் உள்ளே போகும். நல்ல திடகாத்திரமான ஆளை பெரும்பாலும் விட்டுவிடும். சர்க்கரை உள்ளவரை விடாது. நுரையீரல் காய்ச்சலாக வரும், ஈரலில் சீழ்க்கட்டியாக வரும், வாரக்கணக்கில் விடாத காய்ச்சலாகவும் வரும். சாதாரண ஆன்டிபயாடிக் பலவற்றுக்கு அடங்காது.

2019-ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 100-க்கு 18 பேருக்குச் சர்க்கரை இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 100-க்கு 31 பேர். மண்ணும் மழையும் சர்க்கரையும் ஒன்றுகூடும் இடம் தோட்டம். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். 2010-ல் பகாங் லுபோக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களுக்கே எலிக்காய்ச்சலும் மெலியோய்டோசிஸும் தொற்றி உயிர்ச்சேதம் ஆனது. காய்ச்சலோடு கிளினிக்குப் போனால் "எனக்குச் சர்க்கரை, மண்ணில் வேலை" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தண்ணீர் கட் ஆகி மறுபடி வந்த பிறகு வீட்டில் எல்லாருக்கும் வயிற்றுப்போக்கு.

முதலில் வரும் கலங்கல் தண்ணீரை ஓடவிடுங்கள், குடிப்பதைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட் கையில் இல்லையென்றால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடக் கூடாது. மலத்தில் ரத்தம், பிள்ளைக்குச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை என்றால் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

வெயிலில்தான் பிறந்தோம், வளர்ந்தோம். இப்போது மட்டும் ஏன் வெயிலால் சாவு என்கிறார்கள்?

நம் ஊர் வெயிலின் கொடுமை வெப்பமானியில் மட்டும் தெரியாது. காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழிகிறது, ஆனால் உலர்வதில்லை. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். அதனால் 34 பாகையிலேயே செம்பனைக் காட்டுக்குள் காற்றில்லாத இடத்தில் கனமான குலையைச் சுமப்பவரின் உடம்பு உள்ளே கொதிக்கத் தொடங்கிவிடும். இந்நாட்டில் பதிவான உச்ச வெப்பம் 1998 ஏப்ரல் 9-ல் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 பாகை. அது எல் நீனோ ஆண்டு, அதாவது பசிபிக் கடல் சூடாகி நம் பக்கம் வறளும் ஆண்டு. 2016 ஏப்ரலிலும் எல் நீனோவில் பெர்லிஸ், கெடா பள்ளிகளை வெயிலுக்காகச் சில நாள் மூடினார்கள்.

வானிலை இலாகாவின் எச்சரிக்கை மூன்று படி. தொடர்ந்து மூன்று நாள் உச்ச வெப்பம் 35 முதல் 37 பாகை என்றால் முதல் படி. 37-க்கு மேல் 40 வரை இரண்டாம் படி, வெப்ப அலை. 40-ஐத் தாண்டினால் மூன்றாம் படி. என் கருத்தில், குலை வெட்டும் ஆளுக்கு முதல் படியே போதும், மத்தியான வேலையை நிறுத்த. பால் எடுக்க பால்மரம் வெட்டுபவர் விடியுமுன் போய் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார், மரமே அவருக்கு நேரம் வகுத்துக் கொடுத்தது. செம்பனைக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் மனிதர்தான் நேரத்தை வகுக்க வேண்டும். பெரட்டு (காலையில் ஆள் கூப்பிட்டு வேலை பிரிப்பது) நேரத்தை முன்னால் இழுப்பது நிர்வாகம் நினைத்தால் நாளையே முடிகிற காரியம். நாள் கூலியை எண்ணி வேலை செய்பவர் தானாக உட்கார மாட்டார். "ஓய்வெடு" என்று அவரிடம் மட்டும் சொல்வது நியாயமில்லை.

வேலைக்குப் போகாத வயதானவர்களுக்கும் ஆபத்து உண்டு. தகரக் கூரைக்குக் கீழே, ஒரு காற்றாடியோடு, பகலெல்லாம் படுத்திருக்கும் பாட்டி தாத்தாக்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும். வயதாக ஆகத் தாகமும் தெரியாது. "தாகமில்லை" என்றாலும் வேளைக்கு ஒரு குவளை கையில் கொடுங்கள். இருதயம், சிறுநீரகம் காரணமாகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவைக் கேட்டு நடக்கட்டும்.

மயக்கம், தலைவலி, தசைப்பிடிப்பு, அதிக வியர்வை: நிழலில் படுக்க வைத்து, தண்ணீரும் சிறிது உப்பும் கொடுத்தால் அரை மணியில் தேறுவார். பேச்சு குழறுகிறது, ஆளை அடையாளம் தெரியவில்லை, வலிப்பு வருகிறது, உடம்பு நெருப்பாய்ச் சுடுகிறது என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக். 999-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை சும்மா நிற்காதீர்கள். மேல்சட்டையைக் கழற்றி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, அட்டையாலோ சாக்காலோ விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பனடால் இந்தச் சூட்டைத் தணிக்காது.

ஐஸ் தண்ணீர் குடித்தால் வெயிலில் நரம்பு வெடிக்கும் என்கிறார்களே?

வெடிக்காது. குளிர்ந்த தண்ணீர் நல்லது. இளநீரும் நல்லது. சிரப் தண்ணீரும் கேஸ் பானமும் சர்க்கரை உள்ளவர்களுக்கு வேறு தொல்லையைக் கொண்டுவரும்.

புகைமூட்டம் வந்தால் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

சுற்றுச்சூழல் இலாகா வெளியிடும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, ஐபியு. 50 வரை நன்று, 100 வரை மிதம், 101 முதல் 200 வரை உடம்புக்கு ஆகாதது, 201 முதல் 300 வரை மிக மோசம், அதற்கு மேல் அபாயம். பெரும்பாலும் தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில், ஜூன் முதல் அக்டோபர் வரை, இந்தோனேசியாவின் சுமத்ராவில் கரிநிலம் (மக்கிய தாவரங்கள் நிறைந்த சதுப்பு மண்) எரியும்போது புகை இங்கே வருகிறது. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலையே அறிவித்தார்கள். 2013 ஜூனில் மூவாரில் 700-ஐத் தாண்டியது. 2015-லும் 2019-லும் பள்ளிகள் மூடப்பட்டதைப் பிள்ளைகளே நினைவில் வைத்திருப்பார்கள்.

ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் 100-ஐத் தாண்டியதுமே வெளிவேலையைக் குறைக்க வேண்டும். துணி முகமூடி நுண்துகளைத் தடுக்காது, என்95 முகத்தோடு ஒட்டி இருந்தால் தடுக்கும். நீல நிறப் பஃப் (இன்ஹேலர்) ஆபத்துக்கு உதவும், ஆனால் தினமும் இழுக்க வேண்டிய தடுப்பு மருந்தை "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நிறுத்தியவர்கள்தான் புகை நாளில் நெபுலைசர் நாற்காலியில் உட்காருகிறார்கள். வீட்டுக்குள் சாம்பிராணி, கொசுவர்த்தி, வெளியில் குப்பை எரிப்பு, இவற்றையும் அந்த நாட்களில் நிறுத்துங்கள். சாமிக்கு ஒரு விளக்கு போதும்.

எங்கள் தாத்தா காலத்தில் தோட்டத்தில் மலேரியாவால் கொத்துக் கொத்தாகச் செத்தார்களாம். அதுவும் வானிலையாலா?

மழையும் உண்டு, மனிதன் நிலத்தைத் திருத்திய விதமும் உண்டு. 1901-ல் கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், காட்டை வெட்டிச் சதுப்பை வடித்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ரோஸ் என்ற மருத்துவர் 1897-ல் கண்டுபிடித்து நான்கே ஆண்டு ஆகியிருந்தது. கடலோரத்தில் மலேரியாவைப் பரப்பிய கொசுவுக்கு நிழல் வேண்டும், நிழல் போனதும் கொசு போனது. அதே வேலையை மலையடிவாரத் தோட்டங்களில் செய்தபோது எதிர்மாறாக நடந்தது. அங்கே இருந்த அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் கொசுவுக்கு வெயில் படும் தெளிந்த ஓடைதான் வேண்டும். காட்டை வெட்டி ஓடையைத் திறந்துவிட்டதும் கொசு பெருகியது, கப்பலில் வந்து இறங்கிய நம் முன்னோர் அந்த லயங்களில் செத்தார்கள். பிறகு ஓடையைக் குழாய் போட்டு மண்ணுக்கடியில் விட்டும், எண்ணெய் தெளித்தும் அடக்கினார்கள். ரப்பரின் லாபக் கணக்கில் இந்த உயிர்கள் எழுதப்படவில்லை.

2018-ல் உள்நாட்டில் தொற்றும் மனித மலேரியா சுழியத்தைத் தொட்டது. குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் நோலெசி மலேரியா மட்டும் இன்னும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோருக்கு வருகிறது, பெரும்பகுதி சபா, சரவாக்கில். காட்டோரத் தோட்டத்தில் வேலை செய்து காய்ச்சல் வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பருவநிலை மாற்றம் நம் ஊர் நோய்களை மாற்றுமா?

சூடு கூடினால் கொசுவுக்குள் வைரஸ் சீக்கிரம் பெருகும், மேலே சொன்ன 8 முதல் 12 நாள் சுருங்கும். பெருமழை, நெடிய வறட்சி இரண்டும் கூடினால் டிங்கிக்கு இரண்டுமே லாபம். இவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்.

எங்கள் தோட்டத்து வங்காளதேசி, இந்தோனேசியத் தொழிலாளர் காய்ச்சலோடு படுத்திருக்கிறார். போகப் பயப்படுகிறார்.

அவர்களுக்கு அரசு மருத்துவமனையில் நம்மைப்போல ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம் இல்லை, பல மடங்கு அதிகம். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கும், மொழி தெரியாது. அதனால் கடைசி நேரத்தில்தான் வருகிறார்கள். நம் தாத்தாக்கள் இருந்த அதே லயத்தில் இன்று அவர்கள் இருக்கிறார்கள். மண்டோரிடமோ கிராணியிடமோ (தோட்டத்து எழுத்தர்) நீங்கள் போய்ச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவருக்கு டிங்கி இருந்தால் அதே கொசு உங்கள் வீட்டுக்கும் வரும் என்பது ஒரு காரணம். அது இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும்.

சரி, கிளினிக்கில் என்னதான் சொல்வது?

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதியும் நேரமும், "மூன்று நாளாக" என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம். கடந்த ஒரு மாதத்தில் பெருமழை, வெள்ளம், தண்ணீர் கட், புகை எப்போது. என்ன வேலை, எந்தத் தோட்டம், சேறு, ஓடை, காடு. வீட்டிலோ லயத்திலோ வேறு யாருக்குக் காய்ச்சல். சர்க்கரை, இருதயம், சிறுநீரகம், கர்ப்பம். சாப்பிடும் மாத்திரைகளைப் பையோடு எடுத்துப் போங்கள். கடையில் வாங்கிய வலி மாத்திரையையும் நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள், யாரும் திட்டமாட்டார்கள், திட்டினாலும் பரவாயில்லை.

டிங்கி சந்தேகம் என்று வீட்டுக்கு அனுப்பினால் ரத்த எண்ணிக்கை எழுதிய அட்டை ஒன்று தருவார்கள். மறுநாள் வேறு கிளினிக்குப் போனாலும், இரவில் அவசரப் பிரிவுக்குப் போனாலும் அந்த அட்டை கூடவே போக வேண்டும். நேற்றைய எண் தெரிந்தால்தான் இன்றைய எண் ஏறியதா விழுந்ததா என்று தெரியும். மழையில் நனையாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள்.